மூணாவது சீட்டு விழுந்தா யாரை எடுக்கலாம்? ஃபேன்டஸி ஃபுட்பால் டிராஃப்டுக்கு ஒரு சராசரிக் கணக்கு!

ஆகஸ்ட் மாதம், ஞாயிற்றுக்கிழமை இரவு. கடலூர் மாவட்டம் வளையமாதேவியில் ஒரு வீட்டுத் திண்ணை. கையில் செல்போன், மடியில் ஒரு கோடு போட்ட நோட்டு, காதில் இயர்போன். வீடியோ காலில் ஏழு முகங்கள். ஒருவர் நெய்வேலியில் நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார். ஒருவர் சென்னை ஓ.எம்.ஆர். விடுதி அறையில். ஒருவர் சிங்கப்பூர், ஒருவர் துபாய். மற்றவர்கள் திருப்பூர், பெங்களூரு, ஓசூர் என ஆளுக்கொரு திசை. எட்டு பேரும் ஒரே பள்ளியில் படித்து, ஒரே மைதானத்தில் பந்து உதைத்தவர்கள்.

இப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்வோம். நிலத்தை விட்டு வேலை தேடி வெளியே போன பிள்ளைகள் உள்ள எந்த ஊருக்கும் இது பொருந்தும்.

"டேய், சீட்டு குலுக்கியாச்சா?"

"ஆச்சுண்ணா. தம்பிக்கு மூணு."

திண்ணையில் இருக்கும் தம்பிக்குத்தான் மூணாவது சீட்டு. கூட்டத்திலேயே சின்னவன் அவன். அவனுக்கு இருக்கும் சந்தேகம் ஒன்றுதான். முதல் இரண்டு பேரும் நல்ல ஆட்டக்காரர்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால், நான் யாரை எடுப்பது?

இந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்லும் ஓர் எண் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஆவரேஜ் டிராஃப்ட் பொசிஷன்', சுருக்கமாக ஏ.டி.பி. பெயர்தான் பெரிது. சராசரி போடத் தெரிந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும் கணக்கு. வாருங்கள், பார்த்துவிடலாம்.

முதலில், டிராஃப்ட் என்றால் என்ன?

ஃபேன்டஸி விளையாட்டு என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது கிரிக்கெட்தான். பதினோரு பேரைத் தேர்ந்தெடுப்போம். அதே பதினோரு பேரைப் பக்கத்து வீட்டுக்காரரும் தேர்ந்தெடுக்கலாம். தடை இல்லை.

டிராஃப்ட் அப்படியல்ல. ஒரு வீரரை ஒருவர் எடுத்துவிட்டால், அந்த லீகில் வேறு யாருக்கும் அவர் கிடையாது. பந்தி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வடையை ஒருவர் எடுத்துவிட்டால் முடிந்தது. பணம் கொடுத்து வாங்கும் ஏலமும் இல்லை. வரிசையாக ஆளுக்கு ஒருவராகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இங்கிலீஷ் பிரீமியர் லீகின் அதிகாரபூர்வ ஃபேன்டஸி ஆட்டத்தில் 2017-18 சீசனிலிருந்து இந்த டிராஃப்ட் வகையும் இருக்கிறது. இலவசம்தான். ஒவ்வொருவரும் 15 வீரர்களை எடுக்க வேண்டும். 2 கோல்கீப்பர், 5 டிஃபெண்டர், 5 மிட்ஃபீல்டர், 3 ஃபார்வர்ட். நிஜ ஆட்டத்தில் அவர்கள் கோல் அடித்தால், கோல் அடிக்க உதவினால், கோல் விடாமல் காத்தால் உங்களுக்குப் புள்ளிகள்.

முதல் சீட்டுக்காரருக்கு மட்டும் எப்போதும் லாபம் வந்துவிடக் கூடாது அல்லவா? அதனால் வரிசை பாம்பு போல வளைந்து திரும்பும். முதல் சுற்றில் 1, 2, 3 என்று 8 வரை போகும். இரண்டாம் சுற்றில் 8-ம் ஆள் முதலில் எடுப்பார், 1-ம் ஆள் கடைசியில். மூன்றாம் சுற்றில் மீண்டும் நேர்வரிசை.

நம் நாட்டுக்கும் டிராஃப்ட் புதிதல்ல. 2016-ல் டி.என்.பி.எல். தொடங்கியபோது அணிகள் டிராஃப்ட் முறையில்தான் வீரர்களைப் பிரித்துக்கொண்டன. ஏலம் வந்தது 2023-ல்தான். கால்பந்தில், ஐ.எஸ்.எல். 2017 ஜூலையில் மும்பையில் நடத்திய டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்வானவர் கேரளத்து டிஃபெண்டர் அனஸ் எடத்தொடிகா. எடுத்த அணி ஜாம்ஷெட்பூர். அங்கே ஒவ்வொரு வீரருக்கும் சம்பளம் முன்பே முடிவாகியிருந்தது. முதலில் கேட்பது யார் என்பதுதான் போட்டி.

எட்டுப் பேரில் தொடங்கிய கதை

இந்த விளையாட்டு பிறந்ததும் எட்டு அணிகளோடுதான். அமெரிக்காவின் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் கால்பந்து அணியில் பங்கு வைத்திருந்த பில் விங்கன்பாக் 1962-ல் தன் நண்பர்களோடு சேர்ந்து விதிகளை எழுதினார். இங்கே கால்பந்து என்றால், கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து. முதல் டிராஃப்ட் 1963-ல் நடந்தது.

அதில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் ஜார்ஜ் பிளாண்டா. ஜிம் பிரவுன் அதற்குப் பிறகுதான். ஆனால் அந்த சீசனில் பிரவுன் பந்தோடு ஓடிய தூரம் 1,863 கெஜம். அன்றைக்கு அது ஒரு சாதனை. 'இந்த ஆளை மற்றவர்கள் எத்தனையாவது இடத்தில் எடுக்கிறார்கள்?' என்று பார்த்துக்கொள்ள அந்த எட்டு அணிக்காரர்களுக்கும் வழியே இல்லை. அவர்கள் நடத்தியதுதான் முதல் டிராஃப்ட்!

இன்று ஆயிரக்கணக்கான டிராஃப்டுகள் இணையத்தில் நடக்கின்றன. ஒத்திகை டிராஃப்டுகளும் உண்டு. அவற்றிலிருந்து எடுக்கப்படுவதுதான் ஏ.டி.பி.

ஏ.டி.பி. - கணக்கு இவ்வளவுதான்

ஒரு வீரர் ஐந்து டிராஃப்டுகளில் 4, 5, 6, 6, 9 ஆகிய இடங்களில் எடுக்கப்பட்டார் என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 30. ஐந்தால் வகுத்தால் 6. அவருடைய ஏ.டி.பி. 6. அவ்வளவுதான்!

அதாவது, இவர் வேண்டுமென்றால் ஆறாவது தேர்வுக்குள் கேட்டுவிடுங்கள் என்கிறது அந்த எண். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 'இவர் ஆறாவது சிறந்த வீரர்' என்று அது சொல்லவில்லை. 'கூட்டம் இவரை ஏறக்குறைய ஆறாவதாகக் கேட்கிறது' என்று மட்டுமே சொல்கிறது. தரம் வேறு, கிராக்கி வேறு. சந்தைக்குப் போகும் அம்மாக்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முகூர்த்த நாளில் மல்லிகை விலை ஏறுகிறது என்றால், அன்றைக்கு மட்டும் பூவுக்கு வாசனை கூடிவிட்டதா என்ன?

அதனால் உங்களுக்கு இரண்டு பட்டியல் வேண்டும். ஒன்று, யார் எவ்வளவு நன்றாக ஆடுவார் என்று நீங்களே யோசித்துப் போட்ட வரிசை. இன்னொன்று ஏ.டி.பி. வரிசை. முதல் பட்டியல் யார் வேண்டும் என்று சொல்லும். இரண்டாவது பட்டியல் எப்போது கேட்க வேண்டும் என்று சொல்லும். பலர் செய்யும் தவறு, இரண்டாவதை மட்டும் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே டிக் அடித்துக்கொண்டே போவது. அப்படிச் செய்தால் உங்கள் அணியில் இருப்பது ஊராரின் கருத்துதான். உங்கள் கருத்து எங்கே?

மூணாவது சீட்டின் வரைபடம்

சரி, திண்ணைக்கு வருவோம். எட்டு பேர், மூணாவது சீட்டு. நோட்டில் தம்பி முதலில் எழுத வேண்டியது வீரர்களின் பெயர்களை அல்ல, தன் முறை வரும் எண்களை.

3, 14, 19, 30, 35, 46...

3-க்கும் 14-க்கும் நடுவில் பத்து பேர் போய்விடுவார்கள். ஆனால் 14-க்கும் 19-க்கும் நடுவில் நான்கு பேர்தான் போவார்கள். நீண்ட இடைவெளி, குறுகிய இடைவெளி என்று மாறி மாறி வரும். இது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இப்போது 14-வது தேர்வு. தம்பியின் சொந்தப் பட்டியலில் மிச்சம் இருப்பவர்களில் முதலிடம் ஒரு டிஃபெண்டருக்கு. அவருடைய ஏ.டி.பி. 27. இரண்டாம் இடம் ஒரு மிட்ஃபீல்டருக்கு. அவருடைய ஏ.டி.பி. 17.

மனசு டிஃபெண்டரைத்தான் கேட்கும். ஆனால் கணக்கு என்ன சொல்கிறது? மிட்ஃபீல்டரின் 17, தம்பியின் 14-க்கும் 19-க்கும் நடுவில் விழுகிறது. இப்போது விட்டால் திரும்பி வரும்போது அவர் இருப்பது சந்தேகம். டிஃபெண்டரின் 27-க்கு இன்னும் நேரம் இருக்கிறது. எனவே 14-ல் மிட்ஃபீல்டர், 19-ல் டிஃபெண்டர். இரண்டு பேரும் கிடைத்துவிட்டார்கள். வரிசையை மாற்றிக் கேட்டிருந்தால் ஒருவர் கை நழுவியிருப்பார்.

அப்படியானால், அதே டிஃபெண்டருக்காக 30 வரை காத்திருக்கலாமா? கூடாது. 27 என்பது 30-க்கு முன்பே வந்துவிடுகிறது. கொஞ்சம் பொறுப்பது புத்திசாலித்தனம். ரொம்பப் பொறுத்தால் பந்தியில் பாயசம் தீர்ந்துபோகும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. 15 முதல் 18 வரை எடுக்கப்போகிறவர்கள் யார்? இரண்டாம் சீட்டுக்காரரும் முதல் சீட்டுக்காரரும் மட்டும்தான். ஆளுக்கு இரண்டு முறை. அந்தக் குறுகிய இடைவெளியில் உலகத்தின் சராசரியைவிட, அந்த இரண்டு பேர்தான் முக்கியம். இரண்டு பேருமே ஏற்கெனவே கோல்கீப்பர் எடுத்துவிட்டார்கள் என்றால், நீங்கள் கண் வைத்திருக்கும் கோல்கீப்பரை அநேகமாக அவர்கள் இப்போது தொட மாட்டார்கள். அதில் ஒருவர் ஆர்சனல் ரசிகர் என்றால், ஆர்சனல் ஆட்டக்காரர்கள் ஏ.டி.பி.யைவிட முன்னாலேயே போய்விடுவார்கள். முன்பின் தெரியாதவர்களோடு ஆடும்போது சராசரியை நம்ப வேண்டியதுதான். கூடப் படித்த நண்பர்களோடு ஆடும்போது, யாருக்கு என்ன பிடிக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியுமே!

சராசரி மறைக்கும் ரகசியம்

மேலே ஒரு வீரரைப் பார்த்தோம். 4, 5, 6, 6, 9. சராசரி 6. இப்போது இன்னொருவர். அவர் போன இடங்கள் 1, 2, 3, 4, 20. கூட்டினால் இதுவும் 30. சராசரி இதற்கும் 6!

ஆனால் இருவரும் ஒன்றா? முதல் ஆளைப் பற்றி எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே கருத்து. இரண்டாமவரை நான்கு பேர் தலைக்கு மேல் தூக்கிவைக்கிறார்கள். ஒருவர் மட்டும் 20 வரை விட்டுவிட்டார். ஏன்? அந்த ஒருவர் காலையில் காயம் பற்றிய செய்தியைப் படித்திருக்கலாம். அல்லது அந்த ஒருவர் தூங்கியிருக்கலாம். எதுவென்று நீங்கள்தான் தேடிப்பார்க்க வேண்டும். அதனால் சராசரியோடு, ஒருவர் மிக முன்னால் போன இடம் எது, மிகப் பின்னால் போன இடம் எது என்பதையும் சேர்த்தே பாருங்கள்.

வேறு சில எச்சரிக்கைகளும் உண்டு.

* பழைய சராசரி: ஜூலையில் எடுத்த ஏ.டி.பி.க்கு ஆகஸ்ட் மாதக் காயம் தெரியாது. டிராஃப்டுக்கு முந்தைய சில நாட்களின் எண்களையே பாருங்கள்.
* வேறு விதிகள்: புள்ளி கொடுக்கும் முறை மாறினால் வரிசையும் மாறும். அமெரிக்கக் கால்பந்து ஏ.டி.பி.யை எடுத்துக்கொண்டு பிரீமியர் லீக் டிராஃப்டுக்குப் போகாதீர்கள். சிரிக்காதீர்கள், தேடலில் முதலில் வருவது பெரும்பாலும் அதுதான்.
* ஆப் காட்டும் வரிசை: ஆப் ஒரு வரிசையைக் காட்டுகிறது. அவசரத்தில் பலரும் மேலே இருப்பவரையே தட்டிவிடுகிறார்கள். அந்தத் தட்டல்களும் சராசரியில் சேர்கின்றன. பாதி ஏ.டி.பி. யோசித்து வந்தது, மீதி சோம்பலில் வந்தது.

ஃபார்வர்டுக்குப் பஞ்சம்

எட்டு பேர் லீகில் ஆளுக்கு 3 ஃபார்வர்ட் என்றால் மொத்தம் 24 பேர் தேவை. பிரீமியர் லீகில் இருப்பது 20 அணிகள். இன்று பெரும்பாலான அணிகள் ஒரே ஒரு ஸ்ட்ரைக்கரை முன்னால் நிறுத்தித்தான் ஆடுகின்றன. ஆக, வாராவாரம் நிச்சயமாக ஆடும் ஃபார்வர்டுகள் எல்லோருக்கும் போதாது.

கோல்கீப்பர்? தேவை 16. ஆடுவது 20 பேர். கடைசி வரை காத்திருந்தாலும் ஆடுகிற ஒருவர் கிடைப்பார். டிஃபெண்டர்? தேவை 40. 20 அணிகளுக்கும் தலா நான்கு பேர் என்று வைத்தாலே 80. தாராளம்.

அதனால்தான் நல்ல ஃபார்வர்டுகளைத் தள்ளிப்போடுவது ஆபத்து. கோல்கீப்பருக்கு முதல் சுற்றுகளை வீணடிக்கவும் வேண்டாம். ரேஷன் கடையில் எது முதலில் தீரும் என்று தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று பிடிபடும்.

கூட்டம் தவறவிட்ட ஆட்கள்

கூட்டம் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனால் எப்போதும் அல்ல.

2023 ஆகஸ்ட்டில் எல்லோரும் டிராஃப்ட் நடத்திக்கொண்டிருந்தபோது கோல் பால்மர் மான்செஸ்டர் சிட்டியில் அதிக வாய்ப்பில்லாத இளைஞர். செப்டம்பர் 1-ம் தேதி செல்சிக்கு மாறினார். அந்த சீசனில் லீகில் 22 கோல்கள் அடித்தார். ஃபேன்டஸி ஆட்டத்தில் 244 புள்ளிகள், எல்லோரையும்விட அதிகம். ஆகஸ்ட் மாத ஏ.டி.பி.க்கு இது எப்படித் தெரியும்?

நம் ஊர் உதாரணமும் உண்டு. சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன். டி.என்.பி.எல்.லில் வீசிய யார்க்கர்களால் கவனம் பெற்றவரை 2017 ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அடிப்படை விலை 10 லட்சம்தான். அந்த சீசனில் அவருக்குக் கிடைத்தது 2 விக்கெட்டுகள். அடுத்த ஆண்டு ஹைதராபாத் அணி அவரை 40 லட்சத்துக்கு எடுத்தது. இரண்டு சீசன்கள் களத்தில் இறங்கவே வாய்ப்பில்லை. 2020-ல் 16 விக்கெட்டுகள். அந்த ஆண்டு முடிவதற்குள் இந்திய அணியில் இருந்தார். விலை 3 கோடியாக இருந்தபோது இருந்த அதே ஆள்தான், 40 லட்சமாக இருந்தபோதும். மாறியது விலையும் வாய்ப்பும்.

கபடியிலும் பாருங்கள். 2022 புரோ கபடி ஏலத்தில் பவன் ஷெராவத்தைத் தமிழ் தலைவாஸ் 2.26 கோடிக்கு எடுத்தது. அன்றைய உச்ச விலை. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் காயம். சீசனே போய்விட்டது. 'தலைவாஸ் கதை முடிந்தது' என்று நினைத்தபோது, பெரிதாகப் பேசப்படாத நரேந்தர் என்ற இளம் ரெய்டர் 200 ரெய்டு புள்ளிகளைத் தாண்டினார். அந்த சீசனில்தான் தலைவாஸ் முதல்முறையாக அரையிறுதிக்கே போனது.

இதிலிருந்து டிராஃப்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. முதல் சில சுற்றுகளில் கூட்டத்தோடு ஒத்துப்போங்கள். அங்கே பெரிய சாகசம் வேண்டாம். உங்கள் சொந்த நம்பிக்கைகளைக் கடைசிச் சுற்றுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 12-வது சுற்றில் எடுத்த ஆள் சொதப்பினால் நஷ்டம் சின்னது. ஜெயித்தால் லாபம் பெரியது.

அப்பாவின் கேள்வி

திண்ணையில் தம்பி சத்தமாகக் கூட்டி வகுத்துக்கொண்டிருக்கும்போது, கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கும் அப்பா கேட்கிறார்.

"என்னப்பா அது, சராசரி சராசரின்னுட்டு?"

"பிளேயருங்கள எத்தனாவதா எடுக்கறாங்கன்னு பாக்குறதுப்பா."

"எல்லாரும் சேந்து சொல்ற எண்ணா?"

"ஆமாம்ப்பா."

"நிலத்துக்கும் அப்படித்தான் சொல்வாங்க" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் படுக்கிறார்.

வளையமாதேவிக்காரர் ஒருவர் இதைச் சொன்னால் அதற்குப் பொருள் உண்டு. 2023 ஜூலையில், பரவனாற்று மாற்றுப் பாதைக்கான கால்வாய் வேலைக்காக என்.எல்.சி.யின் இயந்திரங்கள் நெற்பயிர் நின்ற வயலில் இறங்கியபோது நாடு முழுக்கப் பேசப்பட்ட ஊர் இது. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். அறுவடை வரைக்குமாவது பொறுத்திருக்கக் கூடாதா என்றார்கள் விவசாயிகள்.

நிலத்தின் விலையும் ஒரு சராசரிக் கணக்குதான். 2013-ம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில், சந்தை மதிப்பைப் பார்க்கும் வழிகளில் ஒன்று, அக்கம்பக்கத்தில் முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான கிரயப் பத்திரங்களின் சராசரி. அதிலும் எல்லாப் பத்திரங்களையும் எடுக்க மாட்டார்கள். அதிக விலை காட்டிய பாதியை மட்டும் எடுத்துச் சராசரி போட வேண்டும். ஏன்? எந்த எண்களைச் சேர்க்கிறோம், எவற்றை விடுகிறோம் என்பதைப் பொறுத்துச் சராசரியே மாறிவிடும் என்பது சட்டம் எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

ஃபேன்டஸி டிராஃப்டில் சராசரி பிசகினால் போவது ஒரு ஃபார்வர்ட். வயலுக்குப் போட்ட சராசரி பிசகினால் போவது ஒரு குடும்பத்தின் கணக்கு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் ஓர் எண்ணைக் காட்டி 'இதுதான் மதிப்பு' என்று யாராவது சொன்னால், 'எதையெல்லாம் கூட்டி, எத்தனையால் வகுத்தீர்கள்?' என்று கேட்கும் பழக்கம் இரண்டு இடத்துக்கும் பொது. விளையாட்டில் பழகிக்கொண்டால், பிள்ளைக்கு அது பத்திரப் பதிவு அலுவலகத்திலும் உதவும்.

காசு வேண்டாம்ணா!

சீட்டு குலுக்கி முடித்ததும் வீடியோ காலில் ஒரு பேச்சு வருகிறது.

"ஆளுக்கு ரெண்டாயிரம் போடலாமா மாப்ள? இல்லன்னா சூடு இருக்காது."

சில விநாடிகள் யாரும் பேசவில்லை. இரண்டாம் சீட்டுக்கார அண்ணன்தான் முதலில் பேசுகிறார். நெய்வேலி ஒப்பந்த வேலையில் இருப்பவர். கிரிக்கெட் ஃபேன்டஸியில் 49 ரூபாயில் தொடங்கி, ஒரு கட்டத்தில் மனைவியின் தாலிக்கொடியை அடகுக் கடைக்குக் கொண்டுபோனவர். மீட்க இரண்டு வருடம் ஆனது. நண்பர்களுக்குத் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

"வேணாம்டா. காசு வச்சா நான் ஆடல. சும்மான்னா ஆடுறேன்."

அதற்குப் பிறகு யாரும் ரெண்டாயிரம் என்று பேசவில்லை.

இப்படிப்பட்ட அண்ணன்கள் பல வீடுகளில் உண்டு. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்ட்டில் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஆகஸ்ட் 22-ல் ஒப்புதல் தந்தார். பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை நடத்துபவர்களுக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது சட்டம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. தமிழ்நாட்டிலும் ஆன்லைன் சூதாட்டத் தடை மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது.

சட்டம் ஒருபுறம். கணக்கும் அதையேதான் சொல்கிறது. ஏ.டி.பி. உங்களுக்குக் கொடுப்பது ஒரு வாய்ப்பு விகிதம், உத்தரவாதம் அல்ல. 27 என்று போட்ட டிஃபெண்டர் 15-லேயே போகலாம். 2.26 கோடி ஆள் முதல் ஆட்டத்தில் காயம்படலாம். விளையாட்டாக இருக்கும்வரை இந்த நிச்சயமின்மைதான் சுவாரஸ்யம். வீட்டு வாடகையை அதன்மேல் வைத்தால் அதுவே தூக்கத்தைக் கெடுக்கும். 'இவ்வளவு கணக்குப் போட்டேனே, அடுத்த முறை நிச்சயம்' என்ற நினைப்புதான் அந்த அண்ணனை அடகுக் கடை வரை கொண்டுபோனது. கணக்கு தெரிந்தவர்களுக்கும் அந்தப் பள்ளம் உண்டு.

வீட்டில் பிள்ளைகள் ஃபேன்டஸி ஆடுகிறார்கள் என்றால் பெற்றோர் உடனே போனைப் பிடுங்க வேண்டியதில்லை. 'இதில் காசு கட்டுகிறாயா?' என்ற ஒரு கேள்வி போதும். இல்லை என்றால், 'உன் டீம்ல யாரு?' என்று உட்கார்ந்து கேளுங்கள். ஆமாம் என்றால், திட்டுவதற்கு முன்னால் எவ்வளவு போயிருக்கிறது என்று பொறுமையாகக் கேளுங்கள். கடனை மறைக்கத்தான் அடுத்த கடன் வருகிறது.

டிராஃப்ட் இரவுக்கு ஒரு சின்ன பட்டியல்

1. உங்கள் சீட்டு எண் தெரிந்ததும், உங்கள் முறை வரும் எண்கள் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.
2. சொந்த வரிசையை முதலில் எழுதுங்கள். அதற்குப் பிறகே ஏ.டி.பி.யைத் திறந்து பாருங்கள். முதலில் பார்த்துவிட்டால் உங்கள் வரிசையும் அதன் நகலாகிவிடும்.
3. வீரர்களை ஒவ்வொருவராக அல்லாமல் குழுக்களாகப் பிரியுங்கள். ஒரே குழுவில் ஐந்து பேர் இருந்தால் அவசரம் இல்லை. ஒருவர்தான் மிச்சம் என்றால் இப்போதே கேளுங்கள்.
4. ஏ.டி.பி. கிடைக்கவில்லையா? இணையத்தில் ஐந்து ஒத்திகை டிராஃப்டுகளில் கலந்துகொண்டு, யார் எத்தனையாவதாகப் போனார் என்று நீங்களே குறித்துச் சராசரி எடுங்கள்.
5. உங்களுக்கு முன்னும் பின்னும் எடுக்கும் நண்பர்களின் அணியில் எந்த இடம் காலி என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.
6. சார்ஜர் பக்கத்தில் இருக்கட்டும். நேரம் முடிந்தால் ஆப் தானாகவே ஒருவரை எடுத்துவிடும். கரன்ட் போனால் அதற்கு ஏ.டி.பி. பொறுப்பல்ல!
7. டிராஃப்டோடு கதை முடிவதில்லை. யாரும் எடுக்காத வீரர்களை வாரந்தோறும் மாற்றிக்கொள்ளலாம். பால்மர்கள் அங்கேதான் கிடைப்பார்கள்.

திண்ணையில் மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. 14-வது தேர்வில் தம்பி மிட்ஃபீல்டரை எடுத்தான். 15, 16, 17 போயின. 18-வதாக, ஏ.டி.பி. 27 போட்ட அந்த டிஃபெண்டரை இரண்டாம் சீட்டு அண்ணன் தட்டிவிட்டார்.

"அண்ணா! அந்த ஆளு எனக்குண்ணா!"

"தெரியும்டா. மத்தியானத்துலேருந்து நீ அவன் வீடியோவத்தான் குரூப்ல போட்டுக்கிட்டிருந்த."

எட்டுப் பேரும் சிரிக்கிறார்கள். ஏ.டி.பி.க்குத் தெரியாதது ஒன்று, கூடப் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பந்தயம் என்ன என்று கடைசியில் முடிவாகிவிட்டது. பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்கு வரும்போது, பாதி சீசன் தாண்டிய நிலையில் யார் கடைசியில் இருக்கிறாரோ, அவர்தான் எட்டுப் பேருக்கும் டீ போட வேண்டும். துபாய்க்காரர் டிக்கெட் போட்டுவிட்டாராம்.

நீங்களும் பழைய நண்பர்களைக் கூப்பிட்டு ஒரு டிராஃப்ட் நடத்திப் பாருங்கள். கடைசியாக எப்போது அத்தனை பேரும் ஒரே காலில் பேசினீர்கள்?